பெண்களின் பெட்டி

ஏப்ரலில் எங்கள் ஊர்த் தெருக்களில் கணுக்கால் வரை சேறு இருக்கும். அதனால் தேர்தல் நாளன்று, ஓட்டுப்பதிவு நடந்த தீயணைப்பு நிலைய வாசலில் பலகை போடச் சொன்னேன். பெண்களின் பாவாடை நனையக் கூடாது என்று நினைத்தேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவர்களிடம் நான் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியும். நகர சபைக்கு ஆண்கள் மட்டும்தான் ஓட்டுப் போடலாம். பள்ளிக் குழுவுக்குப் பெண்களும் போடலாம். அவர்களுக்குத் தனிச் சீட்டு, தனிப் பெட்டி. மற்ற வருடங்களில் மூன்று நான்கு பேர் வருவார்கள். இந்த வருடம் நூற்று எண்பத்தேழு பேர் வந்தார்கள். எல்லோர் மார்பிலும் வெள்ளை ரிப்பன் இருந்தது. அது என் மனைவி கோராவுக்காக.

கோரா அந்தப் பள்ளியின் ஆசிரியை. பள்ளிக் கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் நடுவே பதினான்கு அடிதான். கிணற்றை மூடச் சொல்லிப் போன அக்டோபரில் ஒரு மனுவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஐம்பது கையெழுத்து தேவைப்பட்டது. நான்கு கிடைத்தது. வாசலில் திருமதி பர்டிக் சொன்னதை என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினாள்: "ஏன் கோரா, நாங்கல்லாம் அந்தத் தண்ணி குடிச்சுதானே வளந்தோம்? செத்தா போயிட்டோம்?"

நவம்பரில் கோராவுக்கு டைபாய்டு வந்தது. பத்தொன்பது நாள் கிடந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது.

அடக்கம் முடிந்ததும் ஊருக்கு ஞானம் வந்தது. டாக்டரின் மனைவி திருமதி ஹேஸ்கெல் பள்ளிக் குழுவுக்கு நின்றார். ஜெயித்தால் முதல் வேலை கிணற்றை மூடுவது என்றார். எதிரே நின்றவர் பழைய தலைவர் ஆஸ்குட். புதுக் கிணறு வெட்டினால் வரி ஏறும் என்பது அவர் வாதம்.

நான் கல்லூரியில் படித்தவன் என்பதால் மூன்று தேர்தல் அலுவலர்களில் ஒருவனாக என்னைப் போட்டிருந்தார்கள். அன்று காலை பெண்கள் வரிசையைப் பார்த்து இன்னொரு அலுவலர், முடிதிருத்தும் லுண்ட், கண்ணடித்தார். "தொப்பி தொப்பியா வருது பாரு தம்பி. வீட்ல அடுப்பை யாரு பாக்குறது?"

"ஆண்கள் மேசையை நீங்க ரெண்டு பேரும் பாருங்க. இவங்களை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவருக்குச் சந்தோஷம். நகர சபைப் போட்டியில் சாராயக் கடைப் பிரச்சினை இருந்தது. ஊரின் கண் முழுவதும் அங்கேதான்.

சீட்டைக் கொடுக்கும் அலுவலர் அதன் பின்புறத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். அது இல்லாத சீட்டு செல்லாது. நான் போடவில்லை. மடித்துக் கொடுத்தேன். அவர்களில் ஏறக்குறைய யாரும் அதற்கு முன் ஓட்டுச் சீட்டைக் கையால் தொட்டதில்லை. பின்புறம் பார்க்க வேண்டும் என்று தெரியாது. திருமதி பர்டிக் என் கையை அழுத்தினார். "எல்லாம் உன் பொண்டாட்டிக்காகத்தான் தம்பி" என்றார். "நன்றி" என்றேன்.

பெண்கள் பெட்டியைக் கடைசியில்தான் திறந்தோம். லுண்ட் ஒரு சீட்டைத் திருப்பினார், பிறகு இன்னொன்றை. "எழுத்து இல்லையேப்பா. ஒண்ணுலயும் இல்லையே." மறந்துவிட்டேன் என்றேன். ஆஸ்குட்டின் ஆள் சட்டப் புத்தகத்தை விரித்துவிட்டார். எல்லாச் சீட்டும் தள்ளுபடியானது. ஆண்கள் ஓட்டில் ஆஸ்குட் எண்பத்தேழு அதிகம் வாங்கியிருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. திருமதி ஹேஸ்கெல் வீட்டுக்கே வந்து ஆறுதல் சொன்னார். "துக்கத்துல இருக்கற மனுஷன். உன் மேல என்ன தப்பு?" ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்திருந்தார். அதைக் கோழிகளுக்குப் போட்டேன்.

ஆய்வுக்கூடக் கடிதம் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. கோரா உயிரோடு இருந்தபோது கிணற்றுத் தண்ணீரை ஒரு புட்டியில் அடைத்து மாநிலத் தலைநகருக்கு அனுப்பியிருந்தாள். அவள் பெயருக்கே பதில் வந்தது, தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு. ஒரு மனிதனும் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். நான் அதை இரண்டு முறை படித்தேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லப்போவதில்லை.

இந்த வருடம் கோடையில் மழை இல்லை. செப்டம்பரில் பள்ளி திறந்தபோது கிணறு அடி தட்டியிருந்தது. அக்டோபர் முடிவதற்குள் அதே காய்ச்சலில் ஒன்பது பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒன்பது அடக்கத்துக்கும் போனேன். சட்டைக் கழுத்துப்பட்டியை நானே கஞ்சி போட்டு மடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண்களைத் தண்டிக்கத்தான் செய்தாயா என்று கேட்டீர்கள். நேற்று வரை நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோரா கேட்டபோது அவர்கள் போடாத கையெழுத்துக்கு, நான் போடாத கையெழுத்தால் பதில் சொன்னேன் என்று. நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் வாக்குமூலம் துல்லியமாக இருக்க வேண்டும். என் கோபம் அந்தப் பெண்கள் மேல் மட்டும் இல்லை. கிணற்றின் மேல் சந்தேகம் வந்ததும் கோராவுக்கு வீட்டிலிருந்து ஒரு குடுவையில் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரம் கொண்டுபோனாள். பிறகு குடுவையை என் முன்னால் வைத்துவிட்டாள். "பிள்ளைங்க பாக்குதுங்க, எல்வின். அதுங்க அந்தத் தண்ணியக் குடிக்கறப்போ நான் மட்டும் இதைக் குடிக்கறதா? தொண்டையில இறங்குமா?" நான் கெஞ்சினேன். அவள் சிரித்தாள். அவர்களுடைய தகரக் குவளையிலேயே குடித்தாள்.

நேற்று நீங்கள் அந்த ஒன்பது பெயர்களையும் படித்துக் காட்டினீர்கள். தேவையே இருக்கவில்லை, ஐயா. திருமணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவள் வேறு யாரைப் பற்றியும் பேசியதில்லை.