அஞ்சு மார்க் கண்மாய்

— அஞ்சுன்னு போட்டுக்க.

— நான் இன்னும் கேள்வியே கேக்கலக்கா.

— எதக் கேட்டாலும் அஞ்சுதான். போன வருசமும் நீ ஒவ்வொண்ணாக் கேட்ட, நான் அஞ்சு அஞ்சுன்னு சொன்னேன். ஒனக்கும் வேல வெரசா முடிஞ்சுச்சுல்ல?

— தங்கப்பொண்ணுக்கா, ப்ளீஸ். கண்மாய்ல பறவை பாக்க டூரிஸ்ட் வர ஆரம்பிச்சதுல ஊருக்கு என்ன நல்லது, என்ன கெட்டதுன்னு அளக்கத்தான் எங்களை அனுப்புறாங்க. ரொம்ப மோசம்னா ஒண்ணு, ரொம்ப நல்லதுன்னா அஞ்சு. நீங்க உண்மையச் சொன்னாத்தான் நான் எழுத முடியும்.

— அளக்க வந்தவளே, மொதல்ல இந்த மோரக் குடி. ரம்யாஸ்ரீதான ஒம் பேரு? பழங்காநத்தத்துல பஸ் ஏறி, நாகமலை புதுக்கோட்டையில எறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவுல நசுங்கி வந்துருப்ப.

— குடிச்சிட்டேன். இப்பக் கேக்குறேன். டூரிஸம் வந்த பெறகு ஊரு சுத்தம் எப்படி இருக்கு?

— ரொம்பச் சுத்தம். கண்மாய்ல ஒரு பிளாஸ்டிக் பை கெடையாது. ஒரு ஆடு மாடு கெடையாது. துணி தொவைக்க ஒரு பொம்பள கெடையாது. கழுவிவிட்ட மாதிரி இருக்கு.

— இத எப்படிக்கா அஞ்சுன்னு போடுறது?

— சுத்தத்தத்தான கேட்ட? சுத்தமா இருக்கு. போடு.

— சரி. வர்றவங்க உங்க பழக்கவழக்கத்துக்கு மரியாதை குடுக்குறாங்களா?

— அட, குடுக்குறதுக்கு என்ன? நான் வெறகு ஒடிச்சாக்கூட போட்டோ எடுத்துக்கிட்டு ஒரு கும்புடு போட்டுட்டுப் போறாக. இந்தத் தெருவுக்காரிய இதுக்கு முன்ன யாரு கும்புட்டா?

— ஏன்க்கா இம்புட்டுக் கோவம்? போன தடவை சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனீங்க.

— போன தடவை எம் புருசன் உசுரோட இருந்தாரு.

— ஐயோ, சின்னக்கருப்பண்ணனா? எனக்குத் தெரியாதேக்கா. எப்ப?

— தை மாசம். கண்மாய் நெறஞ்சு பறவையெல்லாம் வந்து எறங்குன நேரம். சாகுற மனுசனுக்கு சீசன் தெரியுமா?

— உடம்புக்கு என்ன?

— நெஞ்சுவலி. படுக்கையில கெடந்து சீரழியாமப் போனாரு, அதுல எனக்குக் கொறை இல்ல. போன பெறகுதான் அம்புட்டுச் சீரழிவும். கொட்டு அடிக்கக் கூடாது, பறவை கலையும். வெடி போடக் கூடாது, பறவை கலையும். சங்குகூட ஊதக் கூடாதாம். கண்மாய்ப் பறவைக் கமிட்டிக்காரரு வந்து வாசல்ல நின்னாரு. சத்தமா அழுகாதீகன்னு வாய்விட்டுச் சொல்லல, ஆனா மொகத்துல எழுதியிருந்துச்சு.

— கடைசியில எப்படித்தான் எடுத்தீங்க?

— இங்கிருந்து கரை மேல நடந்தா சுடுகாடு கூப்பிடு தூரம். எங்க தெருவுல செத்தவுக எல்லாரும் அந்தக் கரையிலதான் போனாக. இப்பக் கரையில வேலி. வேலியில இரும்புக் கேட்டு. கேட்டுல பூட்டு. அந்தப் பக்கம் ஆளுக கேமராவ நட்டுவச்சுக்கிட்டு நிக்கிறாக.

— அன்னைக்குமா தொறக்கல?

— தொறக்கல. பாடைய மெயின் ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, லாரியும் பஸ்ஸும் ஆரன் அடிக்க அடிக்க, ஊரச் சுத்திக் கொண்டு போனாக. லாரிச் சத்தத்துக்குப் பறவை கலையாது போல.

— அக்கா...

— ஆயுசு முழுக்க அடுத்தவன் வயல்ல குனிஞ்ச மனுசன். நம்ம ஊருக் கரையில கடைசியா ஒருவாட்டி போக விடலியே. வயிறு எரியுது தாயி. இன்னும் எரியுது.

— வேலி போடுறப்பவே நீங்க எதுத்துக் கேட்டிருக்கலாமே?

— கேட்டோமே. தெருவே தெரண்டு போயிக் கேட்டுச்சு. ஒங்க ஊரு சனம் முழு மனசாச் சம்மதிச்சுட்டாக, எல்லாரும் அஞ்சு மார்க் குடுத்துருக்காகன்னு சொன்னாக.

— அது... நான் எடுத்த சர்வே.

— நீ எடுத்ததுதான்.

— அப்ப எதுக்குக்கா அஞ்சு சொன்னீங்க? துணி தொவைக்க விடல, ஆடு மேய்க்க விடலன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேன்ல?

— வீடு தேடி வந்த புள்ள. வேர்த்து வடிய நிக்கிற. நல்லாருக்கீகளான்னு கேக்குற. நல்லாருக்கோம் தாயின்னுதான சொல்லுவோம்? வாசல்ல வந்து நிக்கிறவகிட்ட யாராச்சும் வீட்டுக் கொறையக் கொட்டுவாகளா? தெரு முழுக்க அப்படித்தான் சொன்னோம். நாங்க ஒனக்குச் சொன்னோம். நீ அத அவுககிட்டச் சொல்லிப்புட்ட.

— இது எனக்கு அப்பத் தெரியலக்கா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இந்த வருசம் மார்க் கொறஞ்சா மேல இருக்கிற அதிகாரிங்க வந்து விசாரிச்சே ஆகணும். அந்தக் கரைப் பாதைய நானே எழுதிக் கேக்குறேன். நீங்க ஒண்ணுன்னு மட்டும் சொல்லுங்க.

— அஞ்சு.

— இம்புட்டும் சொல்லிட்டு அஞ்சா?

— அஞ்சுன்னு போடு.

— யாருக்குப் பயப்படுறீங்க? கமிட்டிக்கா?

— அவுக கெடக்குறாக.

— கோச்சுக்காதீங்க, கேக்குறேன். நாளைக்கு உங்களையும் அந்த மெயின் ரோட்டுல சுத்தித் தூக்கிட்டுப் போனாப் பரவாயில்லையா?

— போகட்டும். அப்ப எனக்கா காலு வலிக்கப் போகுது?

— சரி, மார்க்க விடுங்க. அந்தக் கேட்டுச் சாவி வச்சிருக்கிற ஆளு பேரையாச்சும் சொல்லுங்க. பொணம் போக வழி விடாதவன் காவலுக்கு எதுக்கு? ஒரு வரி எழுதுனாப் போதும், அவனை வேலையவிட்டுத் தூக்கிருவாங்க.

— எழுதிராத தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.

— அவனுக்குப் போயி ஏன்க்கா பரிஞ்சு பேசுறீங்க? அவனெல்லாம் ஒரு மனுசனா?

— பாடைக்கு முன்னால கொள்ளிச்சட்டியத் தூக்கிட்டு நடந்தானே எம் மகன், அவன் அரணாக்கயித்துலதான் அந்தச் சாவி தொங்குச்சு.