கீழ ஒரு ஜன்னல், மேல ஒரு ஜன்னல்

— அதெல்லாம் விடுங்க அண்ணாச்சி. நீங்க இந்த ஆஸ்பத்திரியில நிக்கக்கூடாது. இப்பவே பஸ் ஏறி அம்பாசமுத்திரத்துல உங்க மக வீட்டுக்குப் போயிருங்க.

— என்ன தாயி நீ! பாரூக்கை இப்படிப் போட்டுட்டு நான் எங்கன போக? டாக்டர் என்ன சொல்லுதாவ, அதைச் சொல்லு மொதல்ல.

— உயிருக்குப் பயமில்லையாம். வலது கை மணிக்கட்டோட போயிட்டு. ஒட்ட வைக்க முடியாதுன்னுட்டாவ.

— ஐயோ நெல்லையப்பா!

— அழாதீங்க. பொண்டாட்டி நானே இன்னும் அழல. கண்ணு முழிச்சதும் மச்சான் சொன்ன மொத சொல்லே, 'காந்திமதிநாதன் அண்ணாச்சியைப் பஸ் ஏத்தி விடு இஷ்ரத்து'ன்னுதான். ஆள் மாறிப்போச்சுன்னு தெரிஞ்சா அவனுவ திரும்பி வருவானுவளாம்.

— வரட்டும். மணல் லாரிக்காரனுவ பேரைப் பத்திரிகையில போட்டது நான். வெட்டணும்னா என்னையல்லா வெட்டணும்! ஆத்து மணலுக்கும் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குதவனுக்கும் என்ன சம்பந்தம்?

— பேருதான் சம்பந்தம். உங்க பத்திரிகையும் 'ஜன்னல்', எங்க சென்டரும் 'ஜன்னல்'. போர்டு எழுதும்போதே மாமி சொன்னாவ, கீழ அதே பேர் தொங்குதே, வேற வைலேன்னு. மச்சான் கேட்டாத்தானே? கம்ப்யூட்டருக்குள்ள விண்டோஸ்னு புதுசா வந்திருக்கு, தமிழ்ல அதுக்கு ஜன்னல்தான், அண்ணாச்சி கோவிக்க மாட்டாவன்னாவ.

— கோவிச்சேனே! ரெண்டு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. பொறவு அவனே ரெண்டு டீயோட எறங்கி வந்தான். 'உங்களுக்கு வார தபாலை நான் கொண்டாந்து தாரேன், எனக்கு வார பிள்ளைகளை நீங்க மேல அனுப்பி விடுங்க'ன்னான். அன்னையில இருந்து அதான நடக்கு.

— ஆமா. படியேறி வாரவன் ஒருத்தன் விடாம, 'கீழ அண்ணாச்சி கை காட்டினாவ'ன்னுதான் சொல்லுவான்.

— ம்.

— காலையில போலீஸ் வந்துச்சு. வெட்ட வந்தவனுக்கு வழி சொன்னது யாருன்னு கேட்டாவ.

— பாரூக் என்ன சொன்னான்?

— தெரியாதுன்னாவ.

— தாயி, இந்த பெஞ்சுல செத்த ஒக்காரு. நான் ஒண்ணு சொல்லணும். சொல்லலைன்னா என் நெஞ்சு வெடிச்சிரும்.

— சொல்லுங்க. நின்னுக்கிட்டே கேக்கேன்.

— நேத்து மத்தியானம் நாலு பேரு என் வாசல்ல வந்து நின்னானுவ. 'ஜன்னல் எது'ன்னான் ஒருத்தன். எப்பவும் போல, 'பத்திரிகையா, கம்ப்யூட்டரா'ன்னு கேட்டேன்.

— அவன் என்ன சொன்னான்?

— பத்திரிகைன்னான். தெளிவாத்தான் சொன்னான் தாயி. திரும்பும்போது சட்டைக்குப் பின்னால அருவாப் பிடி தெரிஞ்சுது. எனக்கு வாய் வரல. கை மட்டும் மேல போச்சு. மாடியைக் காட்டிட்டேன். அவனுவ படியேறவும் பின்வாசல் வழியா ஓடினேன். 'பாரூக்கு, கதவைச் சாத்துலே'ன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். அதைக்கூடச் செய்யல பாவி நான்.

— தெரியும்.

— தெரியுமா?

— சோறு கொண்டுக்கிட்டுப் போயி நானும் அங்கனதான் நின்னேன். மேல இருந்து குனிஞ்சு பாத்தா நாலு முதுகுலயும் அருவா நல்லாத் தெரிஞ்சுது. நீங்க கை காட்டினதை நானும் மச்சானும் பாத்தோம். மச்சான் என்னை உள்ரூம்புல தள்ளிப் பூட்டிட்டு வாசலுக்குப் போனாவ. 'ஜன்னல் பத்திரிகை நடத்துதவன் நீயாலே'ன்னு ஒருத்தன் கேட்டான். இல்லைன்னு ஒரு வார்த்தை போதும் அண்ணாச்சி. ஆமான்னுட்டாவ.

— ஏன்? ஏன் தாயி அப்படிச் சொன்னான்?

— ஆட்டோவுல மடியில போட்டுக் கொண்டு வரும்போது நானும் அதைத்தான் கேட்டேன். 'அண்ணாச்சி சும்மா ஆளை மேல அனுப்ப மாட்டாவ இஷ்ரத்து. நான் பேசி அனுப்பிருவேன்னு நம்பித்தானே கை காட்டியிருக்காவ'ன்னாவ.