அப்பா பக்கத்துல யாருக்கும் இல்ல

...பெத்த அப்பனையே வந்து ரத்தம் குடுங்கன்னு கூப்புடறாம்மா எம்பொண்ணு! நான் என்ன திருடிட்டு ஓடினவனா? ...ஏய் ஏய், கிளட்ச்ச அப்படிப் பொசுக்குன்னு விடாத! மெதுவா... மெதுவா. பயப்படாத, என் கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு. கண்ணு ரோட்டுல இருக்கட்டும், காத மட்டும் இங்க குடு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ரத்தம். டெஸ்ட்டுக்கு. ஏதோ ஜீனாம். பரம்பரையா வர்றதாம். அதுல எங்கயோ துளியூண்டு மாறியிருந்தா கேன்சர் வர்ற வாய்ப்பு ஜாஸ்தியாம். எங்க சின்னக்காவுக்குப் பாத்துட்டு, இருக்குன்னுட்டாங்க. அதோட விடவேண்டியதுதானே? கூடப் பொறந்தவங்களும் பாக்கணுமாம். அடுத்தது நான்! “டாக்டரம்மா, மார்ல வர்றது, சினைப்பையில வர்றது, ஆம்பளை எனக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?”னு போன்ல கேட்டேன். அந்தம்மா சிரிக்கறாங்க. “ஆம்பளைக்கும் சிலது வரும் ஐயா. உங்களுக்கு வராமலே போனாலும், பொண்ணுக்குக் குடுத்திருக்கலாம்”ங்கறாங்க. குடுக்கறதா! படிப்பு குடுத்தேன், எடுப்பா இந்த மூக்கக் குடுத்தேன், அதுக்கெல்லாம் ஒரு டெஸ்ட்டும் காணோம்!

இண்டிகேட்டர்! திரும்பினதுக்கப்புறம் போட்டு யாருக்கு என்ன பிரயோஜனம்? நேராப் போ.

எனக்கு இருக்கறதுக்கே பாதிக்குப் பாதிதானாம். எங்கிட்ட இல்லன்னா, எங்க வழியா அவளுக்கும் இல்ல, நிம்மதி. இருந்தா, அவளுக்கும் பாதிக்குப் பாதி. இருந்தாலும் வந்தே தீரும்னு இல்லியாம். வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிட்டே வந்தா ஆரம்பத்துலயே புடிச்சிடலாமாம். இதுல ஒரு கூத்தக் கேளு, அந்தக் கோளாறு இருக்கறவங்களுக்குன்னே ஒரு மாத்திரை நல்லா கேக்குதாம். எங்க சின்னக்கா அதப் போட்டுட்டுக் குத்துக்கல்லாட்டம் உக்காந்துகிட்டு என்னைத் திட்டுது. வியாதிய இழுத்து விட்டதும் அதே ஜீன், மருந்துக்கு வழிவிட்டதும் அதே ஜீன். என்ன நியாயமோ போ!

எதுக்குத் திட்டுதா? அது ஒண்ணுமில்லம்மா... லாரிக்கு வழிவிடு, வழிவிடு, அவன் சைஸென்ன உன் சைஸென்ன... போன வருஷம் என் பொண்ணு மார்ல சின்னதா ஒரு கட்டி. சாதாக் கட்டிதான், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. ஒரு ஃபாரம் குடுத்தாங்க. குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருக்கான்னு. அவங்கம்மா பக்கம் எல்லாத்தையும் எழுதிட்டு, “அப்பா, உங்க பக்கம்?”னு கேட்டா. யாருக்கும் இல்லன்னேன். சரிதானே? அக்கா ரெண்டும் கட்டிக்குடுத்துப் போனதுங்க. அது வேற குடும்பம், இது வேற குடும்பம். அவங்க வியாதிய நம்ம வீட்டு ஃபாரத்துல எதுக்கு எழுதறது? அவங்களும் பாத்துட்டு, பயமில்ல, நாப்பது வயசுக்கு மேல வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

என்னம்மா அப்படிப் பாக்கற? ரோட்டப் பாரு!

...ஏன் ஓரங்கட்டற? நேரா போன்னுதானே சொன்னேன்? ...என்னது, மூணாவது தடவையா? இதே ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டறோமா? சும்மா இரும்மா, கத்துக்கறவங்களுக்கு இந்த ரோடுதான் வாகு. ...எம்பொண்ணு எத்தன மணிக்கு வரச் சொன்னாளா? பத்துக்கு. இப்ப பதினொண்ணா? போன வாரமும் கிளாஸ் இருக்குன்னுதான் சொன்னேன். அதுக்கு முந்தின வாரம் கார் ரிப்பேர்னு சொன்னேன்.

சரி, எஞ்சின ஆஃப் பண்ணு. சொல்றேன்.

எங்க பெரியக்கா நாப்பத்தோரு வயசுல போயிடுச்சு. மார்லதான். என் பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு, ஏதோ காய்ச்சல்னு சொல்லிவச்சோம். சின்னக்காவுக்கு வந்தப்போ கர்ப்பப்பை ஆபரேஷன்னோம். அந்த ஃபாரத்த வச்சுக்கிட்டு இவ கேட்டா பாரு, அந்த நிமிஷம் பெரியக்கா மூஞ்சி அப்படியே கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சும்மா. வந்தும் இல்லன்னேன். வேற குடும்பமாவது ஒண்ணாவது, எல்லாம் வாய்ப்பேச்சு. பயம். என் வாயால சொன்னா எம்பொண்ணுக்கு வந்துடும்ங்கற மாதிரி ஒரு பயம். ஒரு வருஷ ஸ்கேன் போச்சு என்னால. இப்ப ரத்தத்துலயும் நாந்தான்னு வந்துட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு அவளப் பாக்கறது?

அதோ, செக்யூரிட்டி பக்கத்துல, நீல சுடிதார்... அவதான். எல்லாம் தெரியும் அவளுக்கு. சின்னக்கா போட்டு உடைச்சிடுச்சு. “ஏம்ப்பா பொய் சொன்னீங்க”ன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா ஒரு சண்டையப் போட்டுட்டு வீட்லயே உக்காந்திருப்பேன். வெறுமன “வாங்கப்பா, வாங்கப்பா”ன்னா என்ன பண்றது?

ஐயையோ, ஹாரன் ஏம்மா அடிச்ச! பாத்துட்டா... வர்றா. கதவ ஏன் தொறந்து விடற? இறங்கறேன், இறங்கறேன், தள்ளாத! ...பாத்தியா? ஊருக்கே ரோட்ல போகச் சொல்லிக்குடுக்கறவன் நான். எங்கையப் புடிச்சு ரோட்டத் தாண்டி விடறதுக்கு, நடு ரோடு வரைக்கும் வந்து நிக்கறாம்மா.