எழுபது றாத்தல் வில்

பாரிஸ் லா ஷப்பலில், தமிழ்க்கடை ஒன்றில் ரோல்ஸ் வாங்கும் வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் தோளைத் தடவியபடி பக்கத்திலிருந்த மூத்தவரிடம் சொன்னார்:

“வேட்டை வில்லை எழுபது றாத்தல் இழுவையிலை வைச்சனான். இழுவை கூடினால்தான் அம்பு வேகமாப் போகும், அண்ணை.”

“போனதோ?”

“எங்கை போறது? நாணை இழுக்கவே ஏலேல்லை. திருகாணியைத் தளர்த்தி நாப்பதாக்கினன்.”

“பிறகு?”

“அம்பு ஆறுதலாப் போச்சு. காட்டுப்பண்டி திரும்பிப் பாத்திட்டு, ஒதுங்கி வழி விட்டுது.”

“கூட்டிக்கொண்டு போன உன்ரை பத்ரோன் முதலாளி பாத்தவரோ?”

“ஓம். எனக்கு விரதம், உயிர் கொல்லக்கூடாது எண்டு சொல்லிச் சமாளிச்சிட்டன்.”

“நம்பினவரோ?”

“நல்லா நம்பிட்டார். அண்டையிலை இருந்து அவற்றை ரெஸ்ரோறண்டிலை எனக்கு மத்தியானச் சாப்பாடு வெறும் சலாட்.”

அவருடைய முறை வந்தது.

“ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஆறு தாங்கோ. கட்ட வேண்டாம், இஞ்சையே சாப்பிடுறன்.”