ஈரம் காயும்வரை

முதலில் பிரஷைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஐயா. மலிவு பிரஷ் வாங்கினால் பூசப் பூச மயிர் உதிரும். ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வேறு எதில் கஞ்சத்தனம் பார்த்தாலும் பிரஷில் மட்டும் பார்க்க மாட்டார். அந்த விஷயத்தில் நல்ல மனுஷன்.

எனக்குச் சக்களத்தி இல்லை என்று என் அக்கா பெருமைப்பட்டுக்கொள்வாள். இருந்தாள். பழைய பாய்மரப் படகு. அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு வீட்டை விற்று அதை வாங்கினார். இருவரும் அதிலேயே குடியேறினோம். தண்ணீரில் அல்ல, படகுப் பட்டறையில், இரும்புத் தாங்கிகளின் மேல். நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறை. அதற்குள் அடுப்பு, படுக்கை, அவருடைய இருமல், என்னுடைய முட்டிவலி. மரவேலை முடிந்ததும் கடலில் இறக்கிவிடலாம் என்றார்.

மரவேலை என் பொறுப்பு. பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, வார்னிஷ் பூச வேண்டும். காய்ந்ததும் லேசாகத் தேய்த்து அடுத்த பூச்சு. முகம் பார்க்கலாம், அப்படி வந்தது. காய்வதற்கு முன்பே அவர் வந்து கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். தடம் விழும்.

"பாத்தியா, சரியா வரல. எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டு முதல்லேருந்து போடு."

ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை, கை ஓங்கியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "படகு முடியட்டும், போலாம்" என்றார். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நடந்தது. நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "பாட்டி, எப்ப வருவ?" என்று போனில் கேட்கும் அளவுக்குப் பேத்தி வளர்ந்துவிட்டாள். தனியாகப் போயிருக்கலாமே என்பீர்கள். என் துணிமணி தவிர எல்லாம் அவர் பெட்டிக்குள். சாவி அவர் இடுப்பில்.

கடைசியாகப் பாக்கி இருந்தது அறைக் கதவு. கெட்டித் தேக்கு. பழைய கீல்கள் ஆடியதால் நானே புதிது போட்டு முடுக்கியிருந்தேன். அன்று காலை அந்தக் கதவிலும் கட்டைவிரலை வைத்தார். தேய்த்து எடுத்தேன். அவர் எஞ்சினுக்கு அடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் நெடி தலைக்கேறும் தின்னரை ஊற்றிக் கழுவ அறைக்குள் இறங்கினார்.

"வெளிய கொக்கியை மாட்டிட்டுப் பூசு. தூசி உள்ள வரக்கூடாது."

அவர் சொன்னபடிதான் மாட்டினேன், ஐயா. காற்று வரும் ஓட்டைகளையெல்லாம் தூசிக்குப் பயந்து ஏற்கெனவே டேப் ஒட்டி அடைத்திருந்தோம். ஜன்னல்கள் திறக்காத வகை.

கொஞ்ச நேரத்தில் தட்டினார். "ஏய், கதவைத் திற. தலை சுத்துது."

"ஈரமா இருக்குங்க. இப்பத் தொட்டா தடம் விழும்."

"பரவால்ல, திற."

பரவாயில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை வேறொரு நாள் சொல்லியிருந்தால் இந்நேரம் பேத்திக்குத் தலை சீவிக்கொண்டிருப்பேன்.

பிறகு தோளால் இடித்தார். கீல்கள் அசையவில்லை. பக்கத்துப் படகில் மெஷின் வைத்து மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் காதில் விழுந்திருக்காது. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அப்புறம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு "ஏய்"தான் பெயர். நிஜப் பெயரும் ஞாபகம் இருந்திருக்கிறது.

பூச்சு பாழாகிவிடுமே என்ற நினைப்பில் திறக்காமல் இருந்துவிட்டேன், அவ்வளவுதான் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். பாவம், நம்புகிறாள். நீங்கள்தான் அந்தக் கதவைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறீர்கள். அந்த இடி இடித்தும் ஈர வார்னிஷில் ஒரு கோடுகூட விழவில்லையே, எப்படி என்று கேட்கிறீர்கள்.

கேட்டதால் சொல்கிறேன். அவர் தட்டும்போது அது வெறும் மரம். நான் வார்னிஷ் டப்பாவைத் திறக்கவே இல்லை. கதவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் பிரஷை நனைத்தேன். கதவு அதிர்ந்துகொண்டிருந்தால் பூச்சு ஒழுங்காக வராது, ஐயா.