பெண் கொடுத்துப் பெண் எடுத்து

"ஹலோ... ஆ, கேக்குதும்மா, சொல்லுங்க... இல்ல, தூங்கல, அசைன்மென்ட் எழுதிக்கிட்டு இருக்கேன்... ஆமா, ஆமா, சாப்பிட்டேன்... மெகி நூடுல்ஸ்தான். மெகியும் சாப்பாடுதாம்மா..."

கெலுகோர் பல்கலைக்கழக விடுதி அறையில் துளசி மடிக்கணினியைக் கட்டிலின் ஓரம் தள்ளி வைத்தாள். பெண்ணிய வகுப்புக்கு ஒரு பக்க எதிர்வினை எழுத வேண்டும். ஆண்கள் தங்களுக்குள் பெண்களைக் கொடுத்து வாங்கித்தான் உறவுமுறையைக் கட்டினார்கள், பெண்ணின் அடிமைத்தனம் அங்கேதான் தொடங்கியது என்கிறது கோட்பாடு. 'எங்கள் குடும்பத்தில் இதெல்லாம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது' என்று கம்பீரமாக ஒரு வரி எழுதி, அதைத் தானே ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் அழைப்பு வந்தது.

"ஞாயித்துக்கிழமையா? வரேன்... பாலிக் புலாவ்லேர்ந்து அத்தை வீட்டுல எல்லாருமா?... சரி, சரி, சேலையே கட்டிக்கிறேன்... என்னது? மோகன் அண்ணனை அண்ணேன்னு கூப்பிடக் கூடாதா? ஏன், அவருக்கு என்ன வந்திச்சு?... அத்தானா? அம்மா, பேசக் கத்துக்கிட்ட நாள்லேர்ந்து அவரு எனக்கு அண்ணே. சுங்கை பினாங்ல பஸ் ஓட்டறவரும் எனக்கு அண்ணே... முறையெல்லாம் தெரியும்லா. அத்தை மகன். அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

கேட்ட பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பல்கலைக்கழக மூளை, கொஞ்சம் தாமதமாகத்தான் சூடேறும்.

"இருங்க. நம்ப தயாளன் அண்ணனுக்கு அத்தை மக காமினியைப் பேசறீங்க. ரெண்டு பேருக்கும் ஆசை. அது வரைக்கும் தெரியும். அத்தை என்ன சொன்னாங்க?... முழுங்காம சொல்லுங்க... ம்... பொண்ணு எடுத்தா பொண்ணு குடுக்கணுமா. அப்படியா சங்கதி... இல்லம்மா, சிரிக்கல... நான் என்ன டுரியான் பழமா? டுரியானைக்கூட நம்ப மோந்து பாத்து, ஆட்டிப் பாத்துத்தான் எடுப்போம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே... மோகன் அண்ணன் தங்கமானவருதான், யாரு இல்லன்னா? தங்கமா இருந்தா கட்டிக்கிட்டே ஆகணுமா?... புக்ல ஆம்பளைங்கதான் பொண்ணுங்கள மாத்திக்கிறாங்கன்னு இருக்கு. இங்க அத்தையே வந்து கேக்கறாங்க. இதைக் கொண்டுபோய் நான் எந்தப் பக்கத்துல எழுதறது?"

அவள் எழுந்து நின்றாள். நடக்கலாம் என்று பார்த்தால் அறையில் நடக்க இடமில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

"தெரியும்மா. உங்களை அப்பாவுக்குக் குடுத்து, அத்தையை உங்க அண்ணனுக்கே எடுத்தாங்க. கல்யாணப் போட்டோவே ஒண்ணுதானே, ரெண்டு ஜோடி, நாலு பேருமே முறைச்சிக்கிட்டு... சரி, உங்களை யாராச்சும் கேட்டாங்களா?... ஹலோ?... அம்மா?"

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"ம்... ம்... அத்தையுமா? அவங்களையும் கேக்கலயா?... அத்தை மாமாவோட சண்டை போட்டுக்கிட்டு நம்ப வீட்டுல வந்து இருந்தாங்களே, நான் ஒண்ணாம் வகுப்பு படிக்கிறப்ப. அப்ப நீங்க தாத்தாவுக்கு முடியலன்னுதானே பாலிக் புலாவ் போனீங்க?... தாத்தா நல்லாத்தான் இருந்தாரா?... அப்பா வீட்டு ஆளுங்க அனுப்பிட்டாங்களா? அவங்க பொண்ணு திரும்பி வந்திருச்சுன்னு பதிலுக்கு உங்களை..."

துளசிக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பா கோணலாகப் பின்னிவிட்ட சடையோடு பள்ளிக்குப் போனதும், எங்கம்மா தாத்தாவுக்கு மருந்து கொடுக்கப் போயிருக்காங்க என்று வகுப்பில் பெருமையடித்ததும்.

"எதுக்கும்மா இதைச் சொல்லவே இல்ல... சரி. சரி, விடுங்க... கேளுங்க. நாளைக்கு எனக்கும் மோகன் அண்ணனுக்கும் ஒத்து வரலன்னா, காமினியை நம்ப வீட்டுலேர்ந்து துரத்துவீங்களா?... நீங்க துரத்த மாட்டீங்க. அப்பா?... ம். தயாளன் அண்ணன் அங்க இருக்கானா? குடுங்க.

"அண்ணே... ஆமா, கேட்டேன். அத்தைகிட்ட நீ என்ன சொன்ன?... துளசி ஒத்துக்குவான்னா? நான் எப்பலா ஒத்துக்கிட்டேன்?... எனக்கும் காமினியைப் பிடிக்கும். உனக்காக அத்தை வீட்டு வாசல்ல உக்காந்து சண்டை போடச் சொன்னாலும் போடுவேன். ஆனா என்னை அங்க வெச்சிட்டு அவளைத் தூக்கிட்டு வராத... காமினிக்குத் தெரியுமா, இந்தப் பேச்சு?... கேக்கல. ரொம்ப நல்லது. எஞ்சினியர்லா நீ... போ, முதல்ல அவளைக் கேளு. அழுவாத, போ. அம்மாகிட்ட குடு.

"ம், சொல்லுங்க... ஞாயித்துக்கிழமை வர வேணாமா?... மாத்துக் கல்யாணம் வேணாம்னு நீங்களே பேசறீங்களா? அத்தைகிட்டயா?... அம்மா, அத்தை சும்மா இருப்பாங்களா? அப்பாவும் அவங்க பக்கம்தான் நிப்பாரு. அப்ப மாதிரி போன்னு சொல்லிட்டா எங்க போவீங்க? தாத்தா வீடுகூட இப்ப அத்தை வீடுதானே..."

இந்த முறை பதில் உடனே வந்துவிட்டது. துளசி அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இங்கயா?... என் ரூமுக்கா?... இல்லம்மா, வேணான்னு சொல்லல. ஒரே கட்டில், அதுவும் ஒரு பக்கம் ஆடும்... சரி... சரிம்மா, வாங்க. நான் கீழ படுத்துக்கறேன்... நெசமாத்தான் சொல்றேன், வாங்க... என்ன சத்தம், கதவா? அப்பா வந்துட்டாரா?... இப்பவே சொல்லப் போறீங்களா? அம்மா, போனை வெக்காதீங்க, நானும் கேக்கறேன்... ஹலோ?... அம்மா?"