தூங்கிய வைரஸை எழுப்பாத நிதானம் அக்காவுக்கு

குரல்களைக் காத்த கருணையே, கோபம் அறியாத கணினிப் பிரிவின் தலைமையே, எங்கள் எல்லோருக்கும் அக்காவாகிச் சிலருக்குத் தாயுமாகி நின்ற அன்பே, நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் ஒலிநூலக ஊழியர்கள் ஒன்றுகூடி வணங்கி வாசிக்கும் மடல் இது.

பஞ்சு பதித்த சுவர்களுக்குள் புத்தகங்கள் குரலாக மாறும் இடம் நம்முடையது. பார்வையில்லாதவர்கள் காதால் படிப்பதற்காக, யாரோ ஒருவர் வாயால் படித்துவைக்கிறார். அந்தக் குரல்கள் உறங்கும் தொட்டிலாக உங்கள் அலமாரியில் ஒரு கருப்பு பேக்கப் டிரைவ் இருந்தது. உங்கள் அறையில் மின்விசிறிகூட அடங்கிய குரலில்தான் சுற்றும் என்று கேலி செய்வோம். எந்த அவசரத்துக்கும் முதல் சொல்லாக "நிதானம்" என்பீர்கள். அதுவே உங்கள் பெயராகிவிட்டது.

உங்கள் பணிகளை அடுக்கிச் சொல்ல ஆசைதான். ஆனால் எங்கே தொடங்கினாலும் நினைவு அந்த மழைக்காலக் காலையில் போய் நின்றுவிடுகிறது.

முதன்மைக் கணினி பழுதாகி, பேக்கப் டிரைவை வேறொன்றில் மாட்டினோம். வைரஸ் இருக்கிறது, நீக்கவா என்று திரை சிவப்பெழுத்தில் கேட்டது. ஒலிப்பதிவாளரின் விரல் மவுஸின் மேல் இருந்தது. வாசலில் சுவரைத் தொட்டபடி தொலைபேசி அண்ணன் நின்றார். பார்வையில்லாத அவர், நம் அழைப்புகளை இணைத்துக்கொண்டே நடுவயதில் சட்டம் படித்து, கடைசித் தேர்வுக்குக் காத்திருந்தார். அவர் பாடங்கள் அந்த டிரைவை விட்டால் வேறெங்கும் இல்லை.

"கையை எடுப்பா. அது தூங்குது, தூங்கட்டும்" என்றீர்கள்.

"வைரஸுக்குத் தாலாட்டா பாடுறீங்க அக்கா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"எல்லாப் பதிவையும் ஒரே ஃபைலுக்குள்ள மூட்டையா கட்டியிருக்கு. நீக்குன்னா கெட்டதை மட்டும் பொறுக்காது, மூட்டையவே தூக்கிப் போட்டுடும். உள்ள கிடக்கிற வரைக்கும் அதால ஒண்ணும் பண்ண முடியாது. நாமளா எடுத்து ஓடவிட்டாத்தான் வம்பு."

"எனக்கென்ன பயம்? திரையைப் பார்த்து ஏமாறுற ஆளா நான்?" என்று அண்ணன் சிரித்தார். சுவரைத் தொட்ட கை, தேர்வுக்கு மிச்சமிருந்த நாள்களை விரல்விட்டு எண்ணியதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

யார் பென்டிரைவில் வந்தது என்று நீங்கள் கேட்கவேயில்லை. அதனால் இங்கே எவரும் தலைகுனியவில்லை. இணையத்தைத் துண்டித்த ஒரு பழைய கணினியில் மூட்டையை அவிழ்த்து, குரல்களை மட்டும் மெல்ல வெளியே எடுத்தீர்கள். பழுதுபட்டதைக் கேட்டுச் சொல்ல அண்ணனையே அருகில் அமர்த்தினீர்கள். சன்னலில் மழை வழிய, உறக்கம் கலைந்தவர்போல ஒரு குரல் பாதி வாக்கியத்தில் எழும். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொன்று தொடரும். எந்த உலகில் இருக்கிறோம் என்று மறந்து நாங்கள் நுனிக்காலில் நடந்தோம்.

ஒரு பாடம் மட்டும் வரவில்லை. அதன் பெயரைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது அந்த வைரஸ். மூட்டைக்குள் வருமுன்பே அந்தப் பதிவை அழித்திருந்தது. படித்துத் தந்தவர் ஊர் மாறிப் போயிருந்தார்.

"விடுங்கக்கா, ஒரு பாடம்தானே. அதுல கேள்வி வராதுன்னு வேண்டிக்கிறேன்" என்றார் அண்ணன்.

"வேண்டிக்கோங்க தம்பி. நான் படிச்சும் வைக்கிறேன்."

நாலு பேர் முன்னால் நன்றி சொல்லவே நாக்குழறும் நீங்கள், ஒலிப்பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். காற்புள்ளி இல்லாத இடத்தில் மூச்சு வாங்கினீர்கள். தவறிய சொல்லுக்கெல்லாம் "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்று, புத்தகத்தில் இல்லாததையும் படித்தீர்கள். அதையெல்லாம் வெட்டிவிடலாமா என்று ஒலிப்பதிவாளர் கேட்டபோது அண்ணன் விடவில்லை: "அதுல கை வைக்காதீங்க. எனக்காக ஒருத்தர் உட்கார்ந்து படிச்சாங்கன்னு அதுலதான் தெரியுது."

அவர் தேறினார். இன்று வழக்கறிஞராக இந்த அவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

இறைவன் தன் பெரிய கொடைகளை இப்படித்தான் கூச்சமுள்ள கைகளில் கொடுத்தனுப்புகிறான் என்று நம்புகிறோம். உடல் நோகாமல், உறக்கம் கெடாமல், உற்றார் நடுவே நெடுங்காலம் நீங்கள் நிறைந்திருக்க அவனையே வேண்டுகிறோம். நாளை உங்கள் நாற்காலி காலியாக இருக்கும். ஆனாலும் சட்டம் படிக்க வரும் யாரோ ஒருவர் காதில், உங்கள் குரல் தடுமாறி, மன்னிப்புக் கேட்டு, மேலே படித்துக்கொண்டே போகும். அதை நாங்கள் திருத்த மாட்டோம் அக்கா.

உங்கள் அன்பில் வளர்ந்த
ஒலிநூலக ஊழியர்கள்